வெளிய இருங்க

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தால் தொல்லை என்று நினைப்பீர்களோ என்றுதான் எழுதுகிறேன். அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதியதையெல்லாம் பிழை பார்க்கிறவர், கூட வளர்ந்தவன் எழுதியதை மட்டும் பிரிக்காமல் தூக்கிப் போட்டுவிட மாட்டீர்கள் என்று ஒரு நப்பாசை.

நான் ஒரு வண்டி வாங்கியிருக்கிறேன். ரொட்டிக் கம்பெனி ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட பழைய வேன். தட்டு அடுக்கும் சட்டங்களைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, மடக்கு மேசை, கடையில் கேட்பாரற்றுக் கிடந்த குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்துவிட்டேன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கட்டிய வீடு, அதனால் எனக்குக் கிடைத்த இடத்தைவிட ஃப்ரிட்ஜுக்குக் கிடைத்த இடம் தாராளம். வெயில் ஏறினால் தகரத்திலிருந்து இன்னும் ரொட்டி வாசனை வருகிறது. நாய்கள் ஆசையாகப் பின்னாலேயே ஓடி வருகின்றன. நிறுத்திக் கதவைத் திறந்தால் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு முகம் தொங்கிப் போகின்றன.

சொந்தபந்தம், பழைய சிநேகிதம் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறேன். முதலில் சித்தப்பா. அப்புறம் அத்தை மகள். பிறகு ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்த்த ஸ்பேனர். அதற்கப்புறம் என் பழைய பார்ட்னர் ஒல்லி. கடைசியில் உங்கள் ஊர். உங்கள் வாசலில் ஓர் ஓரமாக வண்டியை நிறுத்திக்கொள்ள அனுமதி கேட்கத்தான் இந்தக் கடிதம். உள்ளே கூப்பிட வேண்டாம். அம்மா போன அன்றிலிருந்து மூன்று வருடமாக நீங்கள் ஏன் என்னோடு பேசுவதில்லை என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அதைக் கேட்டுவிட்டால் போதும்.

இப்போது சித்தப்பா வீட்டு முன்னால் நிற்கிறேன். வந்ததும் கட்டிப் பிடித்து அழுதார். அடுத்த நிமிடம், “அந்த ஃப்ரிட்ஜ் ஒரு மாசமா கொரகொரன்னுது, என்னன்னு பாரேன்” என்றார். பார்த்துக் கொடுத்தேன். அது ஓடத் தொடங்கியது, எங்கள் பேச்சு நின்றுவிட்டது. ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து அது சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதில் எழுதினால் அத்தை மகள் விலாசத்துக்கு அனுப்புங்கள். இந்த மாதக் கடைசியில் அங்கே இருப்பேன்.

தம்பி


ஜனவரி 21

தம்பிக்கு,

கடிதம் வந்தது. ஒற்றுப்பிழைகளை எண்ணவில்லை. எண்ணினால் உனக்குத்தான் மானம் போகும்.

‘இருப்பீர்கள்’, ‘அனுப்புங்கள்’, ‘நினைப்பீர்களோ’. கடிதம் முழுக்க ஒரே மரியாதை. குழாயடியில் நான் பல் தேய்க்கும்போது “ஏ அக்கா, நகரு” என்று இடித்துத் தள்ளியவன் நீ. அம்மா எத்தனை தடவை அதட்டியும் ஒரு நாள்கூட எனக்கு ‘ங்க’ போட்டதில்லை. போடாததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் நான் உன் பெரியம்மா பெற்ற பெண், தாய் செத்ததும் சித்தி எடுத்து வளர்த்தவள். உன் ‘ஏ அக்கா’வில் மட்டும்தான் நான் அந்த வீட்டுப் பெண்.

உன் வாயிலிருந்து அந்த ‘ங்க’வை ஒரே ஒரு தடவை கேட்டேன். அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? ஏன் என்று தெரியாது என்கிறாய். சொன்னவனுக்கு மறந்துவிடும். சௌகரியம்தான்.

வாசல் விஷயம். என் வீட்டு வாசலில் இரண்டு தூண். நடுவே ஒரு சைக்கிள் போகும், உன் ரொட்டி வண்டி போகாது. தெருவிலும் நிறுத்த முடியாது, குப்பை லாரி திரும்ப இடம் வேண்டும். ஆகவே சிரமப்பட வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

‘நீங்கள்’ என்று எழுதியது பயத்தில். நீ என்று எழுதிவிட்டு அடித்தேன். மூன்று வருடம் பேசாத ஒருத்தியை நீ என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. இப்போது நீ என்றே எழுதுகிறேன். கோபம் வந்தால் அதையும் திட்டி எழுது. திட்டினாலும் சரி, உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும் என்று இருக்கிறது.

உனக்கு ‘ங்க’ போட்டு எப்போது பேசினேன்? மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டுவிட்டேன், ஞாபகம் வரவில்லை. என்ன சொன்னேன் என்று நீயாவது சொல்லித் தொலை.

அத்தை மகள் வீட்டில் நன்றாகக் கவனித்தார்கள். அதாவது, முதல் நாள் நன்றாகக் கவனித்தார்கள். மறுநாள் ஃப்ரிட்ஜ், ஏசி, மாடி வீட்டுக்காரரின் ஃப்ரிட்ஜ். அதற்கடுத்த நாள் காலையில் அவள் வீட்டுக்காரர் காபியை நீட்டிக்கொண்டே, “அப்புறம்? அடுத்து எந்தப் பக்கம் மச்சான்?” என்றார். அவர் நல்ல மனுஷர். கேட்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் இரண்டு வாரம் இருந்திருப்பேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். “அக்கா ஏன் வரல?” அச்சகத்தில் பள்ளிப் புத்தக வேலை, மூச்சு விட நேரமில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடாதே.

ஓட்டுவது சுகமாகத்தான் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் அம்மாவின் தையல் மெஷினை வைத்து பெல்ட் போட்டிருக்கிறேன். திருப்பத்தில் அது சாயும், நான் கையை நீட்டிப் பிடிப்பேன். சுவர்க் கண்ணாடியைக் கட்டிலுக்குப் பின்னால் போர்வை சுற்றி வைத்திருக்கிறேன். வழியில் எங்காவது நிறுத்தி அந்தப் பச்சை ஃப்ளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடிக்கிறேன். மூடி கொஞ்சம் ஒழுகுகிறது. ஒரு தம்ளர்தான் ஊற்றுகிறேன் என்றாலும், ஃப்ளாஸ்க் நிறையப் போட்டு வைக்கிற பழக்கம் போகவில்லை.

அடுத்து ஸ்பேனர் வீடு. விலாசம் பின்பக்கம்.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

நான் பிழை பார்க்கிறவள். எழுதியதை மட்டும் படிப்பதில்லை, விட்டுப்போனதையும் படிப்பதுதான் என் வேலை.

சுற்றுலா போகிறவன் தையல் மெஷினை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறான்? சுவர்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எந்தச் சுவரைப் பூட்டிவிட்டு வந்தாய்? வீட்டைக் காலி செய்துவிட்டாய். அதுதானே? ஊர் சுற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போய், யாராவது ‘இங்கேயே இருந்துவிடேன்’ என்பார்களா என்று பார்க்கிறாய். என்னிடமாவது உள்ளதைச் சொல்.

இனி அந்த ஃப்ளாஸ்க். அது உன்னிடம் எப்படி வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

அன்று மதியம் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வெந்நீர் வாங்கி வரக் கீழே போயிருந்தேன். மேலே வரும்போதே வராந்தாவில் நர்ஸின் முகம் சொல்லிவிட்டது. ஓடினேன். நீ கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா தலைமாட்டில் குனிந்திருந்தாய். நான் உள்ளே இரண்டு அடி வைத்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எங்க அம்மா. கொஞ்சம் வெளிய இருங்க” என்றாய்.

‘நம்ம அம்மா’ இல்லை. ‘எங்க அம்மா’. ‘இரு’கூட இல்லை. ‘இருங்க’. மரியாதை கொடுத்து விரட்டினாய். நாலு வயதில் அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து, என்றைக்காவது யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். சித்தப்பா சொல்லலாம், அத்தை சொல்லலாம் என்று நினைத்தேன். நீ சொல்வாய் என்று நினைக்கவே இல்லை.

ஃப்ளாஸ்க்கைக் கதவோர ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நீ சொன்னபடியே இன்று வரை வெளியேதான் இருக்கிறேன். மயானத்திலும் அச்சகத்து ஆட்களோடு ஒரு ஆளாக, கேட் ஓரம் நின்றுவிட்டுப் போனேன். போதுமா?

அக்கா


பிப்ரவரி 27

அக்கா, ஏ அக்கா,

உன் கடிதத்தை ஸ்பேனர் வீட்டு ஷெட்டில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஸ்பேனர் ஓடி வந்து “யாருக்கு என்ன ஆச்சு?” என்றான்.

நான் உன்னிடம் பேசவே இல்லை அக்கா. நீ வந்ததே எனக்குத் தெரியாது.

வார்டு ஊழியர் ஒருவர் ஸ்ட்ரெச்சரை வராந்தாவில் நிறுத்திவிட்டு இரண்டு தடவை உள்ளே வந்து போனார். “சார், பெட் வேணும், எடுத்துடலாமா? இவங்க உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். நான் அம்மா தலைமாட்டில் குனிந்தபடியே இருந்தேன். அவர் போய்விட்டார். மறுபடி காலடிச் சத்தம் கேட்டது. அவர்தான் என்று நினைத்து, கேட்டதற்குப் பதில் சொன்னேன். எங்க அம்மா. கொஞ்சம் வெளிய இருங்க. யாரோ ஒரு மனிதரிடம் வேறு எப்படிச் சொல்வது? அவரிடம் போய் ‘நம்ம அம்மா’ என்றா சொல்ல முடியும்? அந்த ‘எங்க’வில் நீ இருந்தாய். நீயும் நானும்தான் அந்த ‘எங்க’. நீ வருகிற வரைக்கும் எடுக்கவிடக் கூடாது என்றுதான் அவரைத் தள்ளி நிறுத்தினேன். உனக்காக நிறுத்தியது உன்னையே நிறுத்திவிட்டது.

ஸ்டூலில் ஃப்ளாஸ்க்கைப் பார்த்தேன். வெந்நீர் சூடாக இருந்தது. நீ வந்து பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் போய்விட்டாய் என்று நினைத்தேன். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனாளே என்று எனக்கும் வருத்தம் இருந்தது. மயானத்தில் உன்னைக் கை காட்டிக் கூப்பிட்டேன். நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். பெரிய மனுஷி, துக்கத்தில் இருக்கிறாள், தானாக வரட்டும் என்று இருந்துவிட்டேன். அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் விற்றுவிட்டார். வேறு வீடு பார்த்தேன். தனி ஆளா, இந்த வயதிலா என்று யோசிக்கிறார்கள். சொந்தமாகக் கல்யாணம், குடும்பம் என்று இருந்திருந்தால் வேறு கதை. எனக்குத்தான் எல்லா பஸ்ஸும் போன பிறகு ஸ்டாப்புக்கு வருவதே பழக்கம். நீ சொன்னது சரி, யாராவது ‘இரு’ என்பார்களா என்றுதான் பார்த்துக்கொண்டு போகிறேன். ஸ்பேனர் சொல்வான். அவன் மருமகள் சொல்ல மாட்டாள். ஒல்லியிடம் கேட்கப் போகிறேன். அவன் பெண்டாட்டி போன பிறகு தனியாகத்தான் இருக்கிறான்.

ஒல்லி சம்மதித்தாலும், நான் கேட்க நினைத்த இடம் உன் வாசல்தான். எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது அக்கா. டீயை ஊற்றிவிட்டு இரண்டாவது தம்ளரைத் தேடுகிறேன். வரட்டுமா, வேண்டாமா, ஒரு வார்த்தை எழுது. ஒல்லியின் விலாசம் கீழே.

மொட்டை


மார்ச் 15

அக்கா,

ஒல்லி இல்லை.

வண்டியை நிறுத்தி, ஹார்ன் அடித்து, கதவைத் தட்டி, “டேய் குண்டா, கதவைத் திற” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, “அவர் போன வருஷமே தவறிட்டாரே, உங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்றார். யாரும் சொல்லவில்லை. யார் யாருக்குச் சொல்வது என்று சொல்ல அவன் வீட்டிலும் ஆள் இல்லை. அவன் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுச் சாப்பிட்டே செத்திருப்பான், அவனைப் போய் ஒல்லி என்று கூப்பிட்டோமே என்று சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். கதவில் கடிதம் போடும் துளைக்குக் கீழே தரையெல்லாம் தாள். எல்லாவற்றுக்கும் மேலே உன் கடிதம் கிடக்கிறது. அச்சகத்து நீலக் கவர். சாய்ந்து சாய்ந்து எழுதுகிற உன் எழுத்தில் என் பெயர் இங்கிருந்தே தெரிகிறது.

பூட்டு சாதாரணப் பூட்டு. ஒரு கம்பி இருந்தால் எனக்கு எச்சில் விழுங்குகிற நேரம்தான் ஆகும். கம்பியைக் கையில் எடுத்தும்விட்டேன். செத்தவன் வீட்டுக் கதவைத் திறக்க மனசு வரவில்லை என்று உனக்கு எழுதலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. உள்ளே ‘வராதே’ என்று இருந்துவிட்டால் அப்புறம் போக எனக்கு ஓர் இடமும் பாக்கி இல்லை. படிக்காத வரைக்கும் ஓர் இடம் இருக்கிறது. தினம் காலையில் வந்து அந்தக் கவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறேன். தெருக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார்கள். நாய்கள் மட்டும் மரியாதையாகத்தான் நடத்துகின்றன.

இந்த ஊர்த் தபால் நிலையத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். என் பெயருக்கு எது வந்தாலும் எடுத்துவைப்பார்கள். உள்ளே கிடப்பதில் என்ன எழுதினாய் என்று ஒரு வரி எழுதிவிடு. எதுவானாலும் சரி.

மொட்டை


மார்ச் 22

டேய் மொட்டை,

அந்தக் கவரைத் தொடாதே. ஜன்னல் பக்கமும் போகாதே.

அதில் ‘வராதே’ என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்னும் மோசமாகவும் எழுதியிருக்கிறேன். மூன்று வருடம் யோசித்து ஒரு நல்ல கதை கட்டிவிட்டாய் என்று எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு கவளம் இறங்கவில்லை.

அச்சகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வது ஒன்றுதான். முன்னும் பின்னும் படிக்காமல் ஒரு வரியில் கை வைக்காதே. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு முடி நரைத்தது. என் வாழ்க்கையிலேயே பெரிய வரியை நான் முதுகுப் பக்கமிருந்து படித்துவிட்டு ஓடியிருக்கிறேன். கோபம் வந்தால் நீ ‘போடி’ என்பாய். தட்டைத் தூக்கி எறிவாய். ‘இருங்க’ என்று ஒரு நாளும் சொல்ல மாட்டாய். அந்த ‘ங்க’வைக் கேட்டதும், இது எனக்கில்லை, வேறு யாருக்கோ என்று அந்த நிமிடமே புரிந்திருக்க வேண்டும். எனக்கு அது புரியவில்லை. ஏனென்றால் அந்த வார்த்தைக்காக நான் சின்ன வயதிலிருந்தே காத்துக்கொண்டிருந்தேன். வந்ததும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு எழுத்து தப்பினால் ஓரத்தில் குறி போட்டுத் திருத்தலாம். மூன்று வருடம் தப்பினால் என்ன குறி போடுவது? எனக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள் இல்லாமல் போனது, உனக்கும் இல்லாமல் போனது. நீ அங்கே ஃப்ளாஸ்க் நிறைய டீ போடுகிறாய். நான் இங்கே என் வீட்டுக்காரர் போன பிறகு வானொலியைப் போட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒல்லிக்காக நானும் அழுதேன். வீட்டுக்கு வந்தால் ஒரே ஆளாக ஐந்து பன் தின்னுவானே. நேரில் பேசுவோம்.

இப்போது வாசல் விஷயம். உன் கடிதம் வந்த அன்றே ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். இந்த இடைவெளியில் வேன் வராது, ஒரு தூணை எடுத்தால் தாராளமாக வரும் என்றார். எடுக்கச் சொன்னேன். தூண் நல்ல தூண் என்று அவருக்கு மனசே இல்லை. இன்று காலையில் வந்து ஆரம்பித்தார். பாதி இடித்துவிட்டு, கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு, “அப்படி யாரும்மா வர்றாங்க?” என்று கேட்டார்.

“எங்க அம்மாவோட பையன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். “தம்பின்னு சொன்னா போதாதாம்மா?” என்று சொல்லிவிட்டு மீதித் தூணை இடிக்கப் போனார்.

அக்கா